பேய்கள் திருந்தலாமா?

பிபிசி 2019 ஏப்ரலில் தொடங்கிய ‘கோஸ்ட்ஸ்’ தொடரின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். தூரத்துச் சொந்தம் வழியாக ஒரு பாழடைந்த மாளிகை இளம் தம்பதிக்கு வந்து சேர்கிறது. விபத்தில் நினைவிழந்து மீளும் மனைவியின் கண்ணுக்கு மட்டும் அங்கே காலங்காலமாக அடைபட்டுக் கிடக்கும் பேய்கள் தெரிகின்றன. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் சிபிஎஸ் இதே கதையைத் தன் ஊருக்கு மாற்றி எடுத்தது. பிரான்சும் ஜெர்மனியும் பின்னால் வந்தன. மறுஆக்கம் என்றால் மூலத்துக்கு ஒரு படி கீழே என்று முன்கூட்டியே முடிவுகட்டுவது நம் பழக்கம். பிரிட்டிஷ், அமெரிக்கத் தொடர்களை அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்பதில்லை. செத்த பிறகு ஒருவர் மாற முடியுமா என்ற கேள்வியை இரண்டும் எடுத்துக்கொண்டு, நேர் எதிரான பதில்களைச் சொல்கின்றன.

பதில் மாறுவதற்கான முதல் காரணம் தயாரிப்பு முறையிலேயே இருக்கிறது. ‘ஹாரிபிள் ஹிஸ்டரிஸ்’ என்ற சிறுவர் வரலாற்று நகைச்சுவைத் தொடரில் சேர்ந்து நடித்த ஆறு பேர்தான் பிரிட்டிஷ் தொடரை எழுதியவர்கள். முக்கியமான பேய்களும் அவர்களே. லாரன்ஸ் ரிக்கார்ட் குகை மனிதன் ராபினாகவும் வருகிறார், டியூடர் காலத்துப் பிரபு ஹம்ப்ரியின் வெட்டுண்ட தலையாகவும் வருகிறார். ஆண்டுக்கு ஆறு அத்தியாயம், இடையிடையே ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு என ஐந்து பருவங்களில் மொத்தம் 34 அத்தியாயங்கள். 2023 கிறிஸ்துமஸோடு தாங்களாகவே கதையை முடித்துக்கொண்டார்கள். அமெரிக்கப் பதிப்பை ஜோ போர்ட், ஜோ வைஸ்மன் இருவரும் ஓர் எழுத்தாளர் குழுவை வைத்து நடத்துகிறார்கள். முதல் பருவத்திலேயே 18 அத்தியாயம், அடுத்ததில் 22. அத்தனை வாரத்துக்கும் தீனி போட வேண்டுமானால் பேய்கள் இருந்த இடத்திலேயே இருக்க முடியாது. காதலிக்க வேண்டும், சண்டை போட்டுச் சமாதானமாக வேண்டும், புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும்.

கால்சட்டை இல்லாத பேய் இரண்டிலும் உண்டு. பிரிட்டனில் அவர் ஜூலியன் ஃபாசெட், கன்சர்வேட்டிவ் கட்சி எம்.பி. 1993இல் ஒரு பாலியல் லீலையின் நடுவே செத்தவர். அதனால்தான் இடுப்புக்குக் கீழே துணி இல்லை. அந்த ஆண்டுகளில் ஆளுங்கட்சியினரின் படுக்கையறை ஊழல்களைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் டிரெவர், 2000இல் செத்த வால்ஸ்ட்ரீட் இளைஞர். பார்த்த மாத்திரத்தில் அவரும் அதே ரகம் என்றே தோன்றும். ஆனால் முதல் பருவத்திலேயே உண்மை வெளிவருகிறது: சக ஊழியர்கள் கேலி செய்து அவமானப்படுத்திய ஒரு புதுப் பையனுக்குத் தன் கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். ஜூலியனின் வெற்றுத் தொடை அவருடைய அயோக்கியத்தனத்துக்குச் சாட்சி. டிரெவரின் வெற்றுத் தொடை நல்ல மனசுக்குச் சான்றிதழ். வாராவாரம் வரவேற்பறைக்கு வருகிறவர் அடிப்படையில் நல்லவராக இருக்க வேண்டும் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியின் எழுதாச் சட்டம் இங்கே வேலை செய்கிறது. சிரிப்பு குறையவில்லை, கசப்புதான் வடிந்துவிட்டது.

இரண்டாம் இணை, தன்பால் ஈர்ப்பை மறைத்து வாழ்ந்த இரு ராணுவ அதிகாரிகள். பிரிட்டிஷ் கேப்டன் இரண்டாம் உலகப் போர்க்காலத்தவர். இங்கிலாந்தில் 1967 வரை ஆண்களுக்கிடையிலான உறவு குற்றம். செத்துப் பல பத்தாண்டுகள் ஆகியும் அவர் அதை வாய்திறந்து சொல்வதில்லை. அவர் எப்படிச் செத்தார் என்பதையே கடைசிப் பருவம் வரை பொத்தி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய வெற்றி நாள் விருந்துக்குள் உரிமையில்லாமல் நுழைந்து, அகப்பட்டு, நெஞ்சடைத்துச் சாயும்போது, அவர் உள்ளுக்குள் விரும்பிய சக அதிகாரி ஹேவர்ஸ் பக்கத்தில் இருக்கிறார். அப்போதும் சொல்ல வேண்டியது சொல்லப்படவில்லை. அமெரிக்காவில் அவருக்கு இணையான ஐசக், விடுதலைப் போரில் குண்டடி படாமல் வயிற்றுக்கடுப்பில் செத்தவர். சமகாலத்தவரான அலெக்சாண்டர் ஹாமில்டனின் புகழ்மீது தீராத வயிற்றெரிச்சல் கொண்டவர். அவர் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறார். தன் துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில் செத்த பிரிட்டிஷ் அதிகாரி நைஜலையே காதலிக்கிறார். மணமேடை வரை போய்ப் பின்வாங்குகிறார். அமெரிக்கத் தொடரில் மரணம் இரண்டாவது வாய்ப்பு, பிரிட்டிஷ் தொடரில் அது ஆயுள் தண்டனை.

பிரிவிலும் இதே வேறுபாடுதான். சூனியக்காரி என்று எரிக்கப்பட்ட ஏழைப்பெண் மேரி, பிரிட்டிஷ் தொடரின் நான்காம் பருவத்தில் மேலுலகம் போய்விடுகிறாள். பிறகு திரும்புவதில்லை. மற்ற பேய்கள் துக்கம் காக்கின்றன. அமெரிக்கத் தொடரில் ஹிப்பிப் பெண் ஃபிளவர் போய்விட்டாள் என்று எல்லோரும் அழுது முடித்த பிறகு, அவள் கிணற்றுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது தெரிகிறது. ஏமாற்று வேலை என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் மறுஆக்கத்தின் ஆகச்சிறந்த காட்சி இந்தக் கிணற்றடியில்தான் பிறக்கிறது. மாளிகையின் பழைய எஜமானி ஹெட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொள்ளை முதலாளியின் மனைவி, தன் சாவு தற்கொலை என்பதை நூறாண்டுக்கு மேலாக மறைத்தவள். கழுத்தை இறுக்கிய தொலைபேசிக் கம்பியைத் தன்னிடமே ஒளித்து வைத்திருக்கிறாள். ஃபிளவரை மேலே இழுக்கக் கயிறு வேறில்லை என்றபோது அதை வெளியே எடுக்கிறாள். மூலத்தில் இப்படி ஒரு காட்சி இல்லை. அதன் விதிகளுக்குள் இருக்கவும் முடியாது.

அமெரிக்கத் தொடர் தடுமாறுவது நிலத்தின் விஷயத்தில். ஹட்சன் பள்ளத்தாக்கில் மாளிகை எழுவதற்குப் பல நூறாண்டுக்கு முன்பே அங்கே வாழ்ந்த லெனாபே இளைஞன் சசாப்பிஸும், அவர்கள் நிலத்தில் எழுந்த வீட்டின் எஜமானி ஹெட்டியும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். வசனங்கள் அவ்வப்போது அதைத் தொட்டு, ஒரு குத்தல் சிரிப்போடு நகர்ந்துவிடுகின்றன. எல்லோரும் குடும்பமாகிவிட வேண்டும் என்ற அவசரத்தில் யார் யாரிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்ற கணக்கு பேசப்படாமலே போகிறது. பிரிட்டிஷ் தொடரும் வர்க்கத்தைப் பற்றி உரை நிகழ்த்துவதில்லை; ஆனால் அந்த மாளிகையின் பழைய சீமாட்டி லேடி ஃபேனியின் தோரணைக்குப் பக்கத்தில் மேரியை நிறுத்தினாலே விஷயம் விளங்கிவிடுகிறது.

2023 இறுதியில், ஹாலிவுட் எழுத்தாளர்கள், நடிகர்களின் வேலைநிறுத்தத்தால் புது அத்தியாயங்கள் இல்லாதபோது, சிபிஎஸ் பிரிட்டிஷ் மூலத்தையே ஒளிபரப்பியது. போட்டியாளரைத் தன் திண்ணையிலேயே உட்கார வைத்த அந்தத் துணிச்சலுக்குக் காரணம் இருந்தது: ஒன்று மற்றதன் இடத்தைப் பிடிக்காது. டிரெவரைப் போல மூலத்தின் வேடிக்கையை வாங்கி, அதன் முள்ளை எடுத்துவிடும்போது மறுஆக்கம் சிறுத்துப்போகிறது. ஹெட்டியைப் போலத் தன் ஊரின் சாவொன்றைத் தானே கண்டெடுக்கும்போது அது மூலத்துக்குச் சமமாக நிற்கிறது. அடுத்தடுத்த நாடுகள் எடுக்கும் பதிப்புகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.