தடித்த எழுத்தும் மரபு வரிவடிவமும்: மலையாள ‘ரசனா’ எழுத்துருவை முன்வைத்துச் சில கருத்துகள்

உரோமன் எழுத்தில் ஒரு சொல்லைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டப் பெரிய எழுத்து, சாய்வெழுத்து, தடித்த எழுத்து என மூன்று வழிகள் உள்ளன. தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. வட்ட வடிவுடைய எழுத்துகளைச் சாய்த்தால் வேறுபாடு தெளிவாகப் புலப்படுவதுமில்லை. எனவே நூல்தலைப்பு, அகராதியின் தலைச்சொல், இலக்கண நூலின் கலைச்சொல், அழுத்தம் ஆகிய எல்லாப் பணிகளும் தடித்த எழுத்தின்மீதே சுமத்தப்படுகின்றன. இத்துணைப் பணிகளைச் செய்யும் ஒரு வடிவத்தை அச்சுக்கலைக்குரிய அழகாக மட்டும் கருதி மொழியியலார் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. திருவனந்தபுரத்தில் இருமொழி நூல்களையும் நாள்தோறும் கையாளும் நிலையில், ‘ரசனா’ என்னும் மலையாள எழுத்துருவின் தடித்த வடிவத்தைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராயலாம்.

1. பின்னணி

மலையாள அச்செழுத்து 1772இல் உரோமில் அச்சான ‘சங்க்ஷேப வேதார்த்தம்’ நூலில் சதுரச் சாயலுடன் தோன்றியது. பின்னர்க் கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லி வார்ப்பித்த எழுத்துகளே அதற்கு இன்றுள்ள வட்ட வடிவைத் தந்தன. 1971 ஏப்ரல் 15 முதல் கேரள அரசு நடைமுறைப்படுத்திய சீர்திருத்தம், மெய்யோடு ஒட்டியிருந்த உகர, ஊகாரக் குறிகளைத் தனியே பிரித்தது. கூட்டெழுத்துகள் பலவற்றையும் உடைத்தது. தட்டச்சுப் பொறிக்கும் அச்சுக்கோப்புக்கும் ஏற்ப வடிவங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே அதன் நோக்கம். பொறிக்காக வரிவடிவத்தை வெட்ட வேண்டியதில்லை என வாதிட்டு, ஆர். சித்ரஜகுமார், கே. எச். ஹுசைன் முதலியோர் 1999இல் ‘ரசனா அட்சர வேதி’யைத் தொடங்கினர். ஹுசைன் வடிவமைத்த ரசனா எழுத்துரு அவ்வாதத்தின் நடைமுறைச் சான்றாக அமைந்தது. 2022இல் கேரள அரசே பழைய வடிவங்களின் ஒரு பகுதியை மீண்டும் ஏற்க முடிவெடுத்தது.

தமிழின் நிலை இதற்கு நேர்மாறானது. 1978ஆம் ஆண்டின் சீர்திருத்தம் ஆகார, ஐகார, ஒகர, ஓகார வரிசைகளில் 13 எழுத்துகளையே மாற்றியது. உகர, ஊகார உயிர்மெய்கள் இன்றும் ஒட்டியே எழுதப்படுகின்றன. மலையாளம் பிரித்ததைத் தமிழ் பிரிக்கவில்லை என்னும் இவ்வேறுபாடு ஒப்பாய்வுக்கு உரியது.

2. தடிப்பு என்னும் சோதனை

கணினிப் பட்டியல்களில் ரசனா ‘செரிஃப்’ வகையிலும், அதே வடிவமைப்பாளரின் ‘மீரா’ செரிஃப் இல்லாத வகையிலும் சேர்க்கப்படுகின்றன. செரிஃப் என்பது உரோமன் எழுத்துக் கோட்டின் முனையில் அமையும் சிறு குறுக்குக்கோடு. மலையாள எழுத்தில் அத்தகைய முனை இல்லை. கோட்டின் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வருவதே இங்கு அப்பெயரால் சுட்டப்படுகிறது. ஆகவே இது கடன்பெற்ற வகைப்பாடு. வடிவத்தை விளக்க இது போதாது.

மரபு வரிவடிவத்தைத் தடிக்கச் செய்வது கோட்டை ஒரே அளவில் பருக்கச் செய்வதன்று. ‘ஸ்த்ர’ போன்ற கூட்டெழுத்தில் மூன்று மெய்கள் ஒரே வடிவத்துள் அடங்குகின்றன. ஒவ்வோர் உறுப்பும் சிறுக்கிறது. தனியெழுத்தின் தடிப்பை அப்படியே அதற்கும் கொடுத்தால் உள்வெளிகள் அடைபட்டு எழுத்து கரும்புள்ளியாகிவிடும். ஆதலால் கூட்டெழுத்துகளின் கோட்டை மெலித்து, கண்ணுக்கு ஒரே கருமையாகத் தோன்றுமாறு அமைக்க வேண்டும். தலைப்பின் அளவில் ரசனா இதில் வெற்றி பெறுகிறது. உகரம் மெய்யோடு ஒட்டியிருப்பதால் சொல் ஒரே உருவாக நிற்கிறது. சீர்திருத்த வடிவின் தடித்த எழுத்திலோ, பிரிந்து நிற்கும் உகரக் குறி தானே ஓர் எழுத்துப்போல் கண்ணைக் கவர்ந்து, சொல்லின் ஒருமையைக் குலைக்கிறது.

எனினும் மரபு வடிவத்தின் ஆதரவாளர் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். அகராதியின் சிறிய எழுத்தளவில் அடுக்குக் கூட்டெழுத்துகள் தடிப்பைத் தாங்குவதில்லை. வரிகளுக்கிடையே கூடுதல் இடமும் தேவைப்படுகிறது, பக்கங்கள் பெருகுகின்றன. 1971ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தைப் பொறியின் வசதி என்று மட்டும் கூறித் தள்ளிவிட இயலாமைக்கு இதுவும் காரணம். தமிழிலும் ‘ணூ’, ‘னூ’ போன்றவை தடித்த சிற்றெழுத்தில் இவ்வாறே மங்குவதைக் காணலாம்.

3. பயன்பாடு

ஒருங்குறியில் சேமிக்கப்படுவது எழுத்துகளின் வரிசையே. ஒட்டிய வடிவா பிரிந்த வடிவா என்பதை எழுத்துருவே முடிவுசெய்கிறது. ஒரே கோப்பை ரசனாவில் திறந்தால் மரபு வடிவமும், சீர்திருத்த எழுத்துருவில் திறந்தால் புதிய வடிவமும் தோன்றும். அரசாணையால் தீர்மானிக்கப்பட்ட எழுத்துமுறை இன்று பெருமளவு எழுத்துருத் தேர்வாகிவிட்டது. வரிவடிவ வரலாற்றை எழுதுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஆங்கிலம் சாய்வெழுத்தால் காட்டும் அழுத்தத்தைத் தமிழ் ஏகாரத்தாலும் ‘தான்’ என்பதாலும், மலையாளம் ஏகாரத்தாலும் ‘தன்னெ’ என்பதாலும் காட்ட வல்லவை. ‘அவர்தான் சொன்னார்’ என்று எழுதிவிட்டு ‘அவர்தான்’ என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிடுவது இருமடி அழுத்தமாகும். இடைச்சொல் செய்யும் பணியைத் தடிப்பிடம் ஒப்படைத்தால், தலைச்சொல்லுக்கும் தலைப்புக்கும் உரிய வேறுபாட்டு ஆற்றல் அதனிடம் குறைந்துவிடுகிறது.

தலைப்புக்குத் தடித்த மரபு வடிவம், அகராதித் தலைச்சொல்லுக்கு நடுத்தரத் தடிப்பு, அழுத்தத்துக்கு இடைச்சொல் என்னும் பங்கீடு பொருத்தமானதாகத் தோன்றுகிறது. இரு மொழி நூல்களைப் பதிப்பிப்போர் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்குமுன், தம் நூலில் மிகுதியாக வரும் கூட்டெழுத்துகளையும் ஊகார உயிர்மெய்களையும் உரிய அளவில் தடித்த எழுத்தில் அச்சிட்டுப் பார்த்தல் நன்று.