என் ரத்தத்துக்கு ஈஸ்ட் என்ன முறை?

ஓ நெகட்டிவ் ரத்தக்காரன் நான். நள்ளிரவில் போன் அடித்தால் யாருக்கோ ரத்தம் வேண்டும் என்று தூக்கக் கலக்கத்திலேயே புரிந்துவிடும். அந்த 'நெகட்டிவ்', என் சிவப்பணுக்களில் இல்லாத ஒரு புரதம். பெயர் ஆர்எச்-டி. அதற்குச் சொந்தக்காரர்கள் யார் என்று தேடப் போய் மூன்று வாரமாகச் சோறு தண்ணி மறந்து கிடக்கிறேன்!

யூனிப்ராட் தரவுத்தளத்தில் புரதங்களின் அமினோ அமில எழுத்து வரிசைகள் இலவசம். நாற்பதை இறக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி, மடிக்கணினியை வம்ச மரம் வரையவிட்டேன். படம் வந்ததும் நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

ஈ.கோலை பாக்டீரியாவின் ஆம்ட்-பி, ஈஸ்டின் மெப், அரபிடாப்சிஸ் செடியின் ஏஎம்டி ஒரு பக்கம். நம் ஆர்எச் கூட்டம் மறுபக்கம். ஆனால் எல்லாம் ஒரே வம்சம், அம்மோனியா கடக்கும் வாசல்கள்! செடிக்கும் ஈஸ்டுக்கும் அது உணவு, உள்ளே இழுக்கின்றன. மீனுக்குக் கழிவு, செவுள் வழியே வெளியே தள்ளுகிறது.

வெறும் எழுத்துப் பொருத்தம்தானே என்பவர்களுக்கு, 2000-இல் மரினி குழுவினர் செய்த சோதனை. மூன்று மெப் மரபணுக்களையும் இழந்த ஈஸ்ட், அம்மோனியம் குறைவாக இருந்தால் வளராது. அதற்குள் நம் சிவப்பணுவின் ஆர்எச்-ஏஜி மரபணுவை வைத்தார்கள். வளர்ந்தது! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

2004-இல் வெளியான ஆம்ட்-பியின் படிக அமைப்பில், ஒவ்வொரு வாசலின் நடுவிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு அருகருகே நிற்கின்றன. என் அட்டவணையில் அந்த இரண்டு பத்திகளையும் விரலால் தடவிக்கொண்டே இறங்கினேன். மெப்1, மெப்3 இரண்டிலும் ஒன்று குளுட்டமேட்டாக மாறியிருக்கிறது, போகட்டும். ஆர்எச்-ஏஜி, அதன் உறவான ஆர்எச்-சிஜி வரை ஜோடி தப்பவில்லை. ஆர்எச்-டிக்கு வந்தால், காணோம்! ஆக, என்னிடம் இல்லாதவர் குடும்பத் தொழிலை எப்போதோ கைவிட்ட பங்காளி. இத்தனை வருஷம் அவருக்காகவா வருத்தப்பட்டேன்?

எனக்கு ரொம்பப் பிடித்தது நைட்ரோசோமோனாஸ். அம்மோனியாவை எரித்தே பிழைக்கும் இந்த பாக்டீரியாவிடம் ஆம்ட் கிடையாது, இருப்பது ஆர்எச். நம் பந்தியில் வந்து அமர்ந்திருக்கிறது, அழையா விருந்தாளி!

போன வாரம் ரத்தம் கொடுக்கப் படுத்திருந்தபோது சிஸ்டரிடம் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். ஈஸ்ட் வரை வந்ததும் கை தானாக எழுந்துவிட்டது.

"கையை ஆட்டாதீங்க சார், ஊசி நழுவிடும்" என்றார். நைட்ரோசோமோனாஸ் அடுத்த முறைக்குப் பாக்கி.