அழுத்தும் கருவி சரி, உரிக்கும் பிளேடு?

கோஆக்சியல் கேபிளின் முனையில் எஃப் கனெக்டர் மாட்ட ஆன்லைனில் விற்கும் கருவிப்பெட்டிகள் ஏறத்தாழ எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. நீலமோ ஆரஞ்சோ கைப்பிடி போட்ட ஒரு கம்ப்ரஷன் டூல், உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்பர், ஒரு சிறு பை கனெக்டர், ஒரு ஆலன் கீ. மேலே அச்சிட்ட பெயர்தான் கடைக்குக் கடை மாறும். 75 ஓம், ஆர்.ஜி.6, ஆர்.ஜி.59 என்று அட்டையில் இருப்பதெல்லாம் தெரிந்த சங்கதி. மொட்டை மாடிக்கும் ஹாலுக்குமாகச் சில வாரம் புழங்கினால் வேறொன்று தெரியவரும். விளம்பரப் படத்தில் முன்னால் நிற்கும் கம்ப்ரஷன் டூல் ஒழுங்காக வேலை செய்கிறது. ஓரத்தில் கிடக்கும் ஸ்ட்ரிப்பர்தான் காலை வாருகிறது.

எஃப் கனெக்டரை 1950-களின் தொடக்கத்தில் வடிவமைத்தவர் அமெரிக்காவின் ஜெரால்ட் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இருந்த எரிக் வின்ஸ்டன். அதில் தனியாகப் பின் கிடையாது. கேபிளின் நடுக்கம்பியே பின்னாக வெளியே நீட்டி நிற்கும். கனெக்டர் இவ்வளவு மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நடுக்கம்பியில் விழும் ஒவ்வொரு கீறலும் பின்னிலேயே விழுகிறது. ஸ்ட்ரிப்பரின் குறை இங்கேதான் பெரிதாகிறது.

ஸ்ட்ரிப்பருக்குள் இரண்டு பிளேடு. ஒன்று மேலுறை, கம்பி வலை, ஃபாயில், வெள்ளை நுரை எல்லாவற்றையும் வெட்டி நடுக்கம்பியின் விளிம்பில் நிற்க வேண்டும். மற்றது மேலுறையை மட்டும் வெட்டி, வலையைத் தொடாமல் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கால் அங்குலம், தச்சர் கணக்கில் இரண்டு நூல். கேபிளைக் கவ்வி நாலைந்து சுற்று சுற்றி இழுத்தால் வேலை முடிந்தது என்கிறது அட்டைப் படம். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சுற்றினால் நடப்பது வேறு: முதல் பிளேடு கம்பியில் இறங்கி வளையமாகக் கீறிவிடுகிறது, இரண்டாவது வலையில் பாதியை அறுத்துப்போடுகிறது.

ஆர்.ஜி.6-இன் நடுக்கம்பி 1 மில்லிமீட்டர் கனம்தான். விலை குறைந்த கேபிள்களில் அது முழுச் செம்புகூட அல்ல, செம்பு பூசிய எஃகு. டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு இறங்கும் சிக்னல் பொதுவாக 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அலைவரிசையில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் என்பதால், பூசிய செம்பு சிக்னலுக்குப் போதும். அந்தப் பூச்சைத்தான் பிளேடு சுரண்டி எடுக்கிறது. எஃகு வெளியே தெரிந்த இடத்தில் மழைக்காலத்தில் துரு பிடிக்கும். பாக்ஸை நகர்த்தி வைக்கும்போது கம்பி அதே இடத்தில் பட்டென்று ஒடியும். ஒடிந்த துண்டு பாக்ஸின் சாக்கெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் அதை எடுப்பது தனிப் பாடு.

இதற்கு வழி உண்டு, பொறுமைதான் வேண்டும். கழிவு வயர்த் துண்டு ஒன்றை எடுத்து, ஆலன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் வெட்டிப் பார்க்க வேண்டும். உரித்த நடுக்கம்பியின் மேல் மயிரிழை கனத்தில் வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தால் அளவு சரி. அதை நகத்தால் தள்ளினாலே உரிந்து வந்துவிடும். பிளேடால் சுரண்டினால் பட்ட பாடெல்லாம் வீண். அளவு ஒருமுறை அமைந்துவிட்டாலும் நிம்மதியில்லை. இறுக்கிய திருகு புழங்கப் புழங்கத் தானே நெகிழும். ஆலன் கீயை வைக்கப் பெட்டியில் ஒரு குழிகூட இல்லை; அது தொலையும் நாளில் ஸ்ட்ரிப்பரும் சேர்ந்து பயனற்றுப் போகும்.

உரித்தபின் வலையிழைகளை மேலுறை மேல் மடக்கிவிட வேண்டும். ஃபாயில் நுரையோடு ஒட்டியே இருக்கட்டும். கனெக்டரின் உட்குழல் ஃபாயிலுக்கும் வலைக்கும் நடுவே நுழைந்து, வெள்ளை நுரை கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக வந்து நிற்கும்வரை தள்ள வேண்டும். புதுக் கேபிளில் இதற்குக் கட்டைவிரல் நன்றாகவே வலிக்கும். நுரை உள்ளே தங்கிவிட்டால் அந்த இடத்தில் 75 ஓம் கெடும், பிடிப்பும் குறையும். வலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலோ நேரே ஷார்ட்.

அழுத்துவது மட்டும் ஒரு சுகம். கைப்பிடியை ஒரு தடவை மூடினால் பின்பக்க உறை உள்ளே நகர்ந்து கேபிளைச் சுற்றிலும் ஒரே சீராகக் கவ்வுகிறது, இழுத்தாலும் வருவதில்லை. அறுகோணமாக நசுக்கும் பழைய கிரிம்ப் முறையில் மூலைகளில் இடைவெளி விழும், அதன் வழியே ஈரம் புகும். கேபிள்காரர்கள் கையால் திருகி மாட்டிப்போகும் ரகமோ வெயிலில் மேலுறை இளகியதும் ஆட்டம் காணும். கூரைமேல் இருக்கும் முனைக்குக் கம்ப்ரஷன் தவிர வேறெதுவும் சரிப்படாது.

மோசமான இணைப்பு எப்போதும் ‘நோ சிக்னல்’ என்று நேர்மையாகச் சொல்லிவிடாது. செட்டாப் பாக்ஸ் இதே கேபிள் வழியாகத்தான் டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.க்கு மின்சாரம் அனுப்புகிறது. இரண்டு முனைவாக்கத்திலும் வாங்கும் அமைப்பில் 13 வோல்ட் போனால் ஒரு பகுதி சானல்கள், 18 வோல்ட் போனால் மறு பகுதி. துருப்பிடித்த முனையில் மின்னழுத்தம் விழுந்து, 18 என்று புறப்பட்டது குறைந்து போய்ச் சேர்ந்தால், எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். பாதிச் சானல் தெரியும், பாதி தெரியாது. வீட்டில் எல்லாரும் ரீசார்ஜ் முடிந்துவிட்டதோ என்று பார்ப்பார்கள். கனெக்டரை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஒரே ஒரு முனைக்காக இந்தப் பெட்டியை வாங்குவது வீண்செலவு. தெரிந்த கேபிள்காரரைக் கூப்பிட்டுவிடலாம். அறைக்கு அறை வயர் இழுக்கும் வீட்டுக்குப் பெட்டி உழைக்கும், ஸ்ட்ரிப்பரை மட்டும் தரமானதாகத் தனியே வாங்கிக்கொண்டால். கூட வந்த கனெக்டர்கள் தீர்ந்ததும் கடையில் கிடைப்பதை அப்படியே வாங்கிவிடக் கூடாது. அழுத்தும் முன் கனெக்டரின் நீளம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டூலின் உந்துதண்டில் உள்ள திருகை அதற்கேற்ப நகர்த்த வேண்டும். பழைய கேபிள் டிவி இணைப்புகளில் ஆர்.ஜி.59 இன்னும் உண்டு. அதன் மேலுறை 6 மில்லிமீட்டர் சுமார், ஆர்.ஜி.6-க்கு 7-ஐ ஒட்டி. ஆர்.ஜி.6 கனெக்டர் அதில் தாராளமாக ஏறும், ஆனால் அழுத்தினாலும் பிடிக்காது.