காமிராச் சக்கரத்தில் உள்ள சித்திரங்கள்

கையடக்கமான டிஜிட்டல் காமிராவின் தலைமீதுள்ள சக்கரத்திலோ, அதன் பின்புறத்துத் திரையிலோ, பெண்ணின் முகம், மலைச்சிகரம், ஓடுகிற மனிதன், பிறைச்சந்திரன் என்று சில சிறு சித்திரங்கள் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு, 'ஆட்டோ' இருக்க இவை எதற்கு என்று பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். புகைப்படக் கலையில் சற்றுப் பரிசயம் உள்ளவர்களோ, இந்தச் சித்திரங்கள் குறிக்கும் 'சீன் மோடு' என்பது கற்றுக்குட்டிகளின் சௌகரியத்துக்காக வைத்தது என்று அலட்சியமாகப் பேசுவார்கள். இரு சாராரும் ஒரு ரசமான விஷயத்தை இழக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இன்ன வெளிச்சத்தில் இன்ன பொருளை இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் செய்த தீர்மானங்களே அந்தச் சித்திரங்களுக்குள் அடங்கியிருக்கின்றன. ஆகையால் ஒரே காட்சியை ஆட்டோவில் ஒரு முறையும் சீன் மோடில் ஒரு முறையும் எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அந்தத் தீர்மானத்தோடு எங்கே உடன்படுகிறோம், எங்கே பிணங்குகிறோம் என்று கண்டுகொள்வதில்தான் இதன் சுவை இருக்கிறது.

கன்னியாகுமரிக் கடற்கரையில் அஸ்தமன நேரத்தில் நின்று இந்தப் பரீட்சையைச் செய்து பார்க்கலாம். ஆட்டோவில் இருக்கும் காமிரா, எந்த வெளிச்சத்திலும் வெள்ளை வெள்ளையாகவே தெரிய வேண்டும் என்ற கொள்கை உடையது. எனவே வானமெங்கும் பரவிய செம்பொன் நிறத்தை ஒரு கோளாறென்று எண்ணிக்கொண்டு, வெகு சிரத்தையோடு அதைத் திருத்தி வெளுக்கச் செய்துவிடும். சூரியாஸ்தமன மோடு செய்யும் முக்கியமான காரியம் அந்தத் திருத்தத்தை நிறுத்திவைப்பதுதான். அதன்மேல் சிவப்பையும் மஞ்சளையும் கொஞ்சம் தூக்கியும் காட்டும். சில காமிராக்கள் இதில் அளவு மீறி, அடிவானத்தைக் குங்குமத்தில் தோய்த்துவிடுவதும் உண்டு.

'பனி' என்ற சித்திரத்தைக் கண்டு, நம் ஊரில் பனிமலைக்கு எங்கே போவது என்று சிரிப்பவர்கள் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போக வேண்டும். காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவி, தான் காண்பதெல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. புகைப்படக்காரர்கள் அளவுக்காக வைத்துக்கொள்ளும் சாம்பல் அட்டையும், தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 18 பங்கைத் திருப்பியனுப்புவதாகவே இருக்கும். வெயிலில் கண் கூசும் உப்புக் குவியலை ஆட்டோவில் எடுத்தால், இவ்வளவு வெளிச்சம் ஆகாது என்று அக்கருவி ஒளியைக் குறைத்துவிட, படத்தில் உப்பு அழுக்கேறி மங்கிக் கிடக்கும். பனி மோடுக்குத் திருப்பினால், வேண்டுமென்றே ஒளி கூடுதலாக அனுமதிக்கப்பட்டு, உப்பு தன் வெண்மையை மீண்டும் பெறும். அப்போது குவியலின் உச்சியைத் திரையில் பெரிதாக்கி உற்றுப் பார்க்க வேண்டும்: உப்புக் கல்லின் முனைகள் தனித்தனியே தெரிந்தால் அளவு சரி, வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தால் மிஞ்சிவிட்டது.

இதற்கு நேர் எதிரான சங்கடம் கோயில் பிராகாரங்களில் ஏற்படும். சட்டம் முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கேறிய கருங்கல் சிற்பமே நிறைந்திருந்தால், அதே கருவி அதையும் சாம்பலாக்க எண்ணி ஒளியைக் கூட்டி, கல்லின் கருமையைக் கெடுத்துவிடும். பனியை நினைத்துக்கொண்டவர்கள் கருங்கல்லை நினைக்கவில்லை. நான் கண்ட காமிராக்கள் எவற்றிலும் இதற்கென்று ஒரு சித்திரம் இல்லை. சக்கரத்தை 'பி' (P) என்ற எழுத்தில் நிறுத்தி, கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானால் ஒளியை நாமே ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரவில் முகம் எடுப்பதற்கான மோடு இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிரியமானது. மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று, விளக்கொளியில் துலங்கும் மைய மண்டபத்தைப் பின்னணியாக வைத்து ஒருவரை ஆட்டோவில் எடுத்தால், 3, 4 மீட்டருக்கு அப்பால் பயனற்றுப்போகும் பிளாஷ் முகத்தை மட்டும் வெளுத்துக் காட்ட, பின்னால் அந்தகாரமே மிஞ்சும். இரவு மோடிலோ, பிளாஷ் மின்னி முகத்தைப் பதித்த பின்னும் ஷட்டர் மூடாமல் சற்றே காத்திருக்க, தூரத்து விளக்குகளும் நீரில் அவற்றின் பிரதிபிம்பமும் மெல்ல வந்து படத்தில் சேரும். முகத்துக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை, மண்டபத்துக்கோ ஏறக்குறைய ஒரு நொடி. இரண்டு காலங்கள் ஒரே படத்தில் அமைகின்றன. பிளாஷ் அடித்ததும் வேலை முடிந்ததென்று நகர்ந்துவிடுகிறவரின் தோளோரத்தில் பின்னணி விளக்குகள் ஊடுருவித் தெரியும். குறையென்று பலர் அழித்துவிடும் அத்தகைய படங்களில் சில, பார்க்கப் பார்க்க ரசமானவை.

முகப்பட மோடைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிய காமிராவைப் போலப் பின்னணியைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். பெரும்பாலான சிறு காமிராக்களின் சென்சார் 6 மில்லிமீட்டர் சொச்சம் அகலமே உள்ளதாகையால், முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒருசேரத் தெளிந்துவிடுகின்றன. உணவு மோடு சாம்பாருக்கு அளிக்கும் சிவப்பும் எனக்குச் சம்மதமில்லை.

எடுத்த படத்தைத் திரையில் வைத்து 'டிஸ்ப்ளே' பொத்தானை அழுத்தினால், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதைப் பல காமிராக்கள் எண்ணாகவே காட்டும். அதைப் பார்க்குமுன் ஊகித்துச் சொல்லிப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. ஓடுகிற மனிதன் சித்திரத்தில், ஊஞ்சலாடும் குழந்தையின் பாவாடை மடிப்புக்கூடக் கலையாமல் நின்றிருந்தால், 1/500 நொடியோ அதற்கும் குறைவோ இருக்கலாம். வாணவேடிக்கை மோடில் அது 2 நொடிக்கு மேலும் போகும். ஸ்டாண்டோ, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோ இல்லாமல் அதை முயல்வது வீண்.