பணக்கார அணிகளும் பேஸ்பால் போட்டியின் நியாயமும்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகளில் 30 அணிகள் ஆடுகின்றன. ஓர் அணி தன் ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற உச்சவரம்பு அங்கே இல்லை. அந்நாட்டின் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பனி ஹாக்கி லீகுகளில் ஏதாவதொரு வகை வரம்பு உண்டு. ஆகவே, பணம் படைத்த பேஸ்பால் அணிகள் வெற்றியை விலைக்கு வாங்குகின்றனவா என்ற கேள்வி நெடுங்காலமாக இருந்து வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளும் உலகத் தொடர் எனப்படும் இறுதித் தொடரை வென்றபின் அக்கேள்வி இன்னும் வலுத்துள்ளது.

பணத்தால் கோப்பையை நேரடியாக வாங்க முடியாது என்பது உண்மையே. ஆனால் ஒருமுறை தவறினால் மறுமுறை முயலும் வாய்ப்பைப் பணத்தால் வாங்க முடியும். நியாயம் கெடுவது அங்கேதான்.

இன்றைய விதிகள்

உச்சவரம்புக்குப் பதிலாக ஆடம்பர வரி ஒன்று விதிக்கப்படுகிறது. 2025இல் அதன் எல்லை 24.1 கோடி டாலர். எல்லையைத் தாண்டும் தொகைக்கு முதல் ஆண்டில் 20 விழுக்காடு, தொடர்ந்து தாண்டினால் இரண்டாம் ஆண்டில் 30, மூன்றாம் ஆண்டு முதல் 50 விழுக்காடு வரி கட்ட வேண்டும். மிக அதிகமாகத் தாண்டினால் கூடுதல் வரியும் உண்டு. இதைத் தவிர, அணிகள் தம் உள்ளூர் வருமானத்தில் ஒரு பகுதியைப் பொது நிதியில் சேர்த்துப் பகிர்ந்துகொள்கின்றன.

டாட்ஜர்ஸ் அணி 2024ஆம் ஆண்டுக்கு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் வரி கட்டியது. அப்படியும் அதன் செலவு குறையவில்லை. அந்த அணியின் உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமை 25 ஆண்டுகளுக்கு 800 கோடி டாலருக்கும் அதிகமான மதிப்புடையது. சிறிய நகரத்து அணிக்கு இத்தகைய வருமானத்தை நினைத்துப் பார்க்கவும் இயலாது. ஜப்பானிய வீரர் ஷோஹேய் ஒஹ்தானியுடன் 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் செய்த 10 ஆண்டு ஒப்பந்தத்தின் தொகை 70 கோடி டாலர். அதில் 68 கோடி, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் கொடுக்கப்படும். இப்படித் தள்ளிப்போடுவதால் ஆண்டுக்கு 7 கோடி என்பது வரிக் கணக்கில் ஏறத்தாழ 4.6 கோடியாகிறது. இது விதிக்கு உட்பட்டதே. எந்த அணியும் செய்யலாம். ஆனால் 70 கோடிக்குப் பொறுப்பேற்கும் துணிவு எல்லா அணிகளுக்கும் வராது.

பாதிப்பு இல்லை என்போரின் வாதம்

யாங்கீஸ் அணி 1998, 1999, 2000 ஆண்டுகளில் தொடர்ந்து வென்றபின், 2025 வரை எந்த அணியும் கோப்பையைத் தக்கவைத்ததில்லை. 2023இல் வரலாறு காணாத அளவு செலவிட்ட நியூயார்க் மெட்ஸ் 87 ஆட்டங்களில் தோற்றது. 2025இல் சிறிய நகரமான மில்வாக்கியின் புரூவர்ஸ் அணி 97 வெற்றிகளுடன் 30 அணிகளிலும் முதலிடம் பெற்றது. 2002இல் ஏறத்தாழ 4 கோடி டாலர் சம்பளச் செலவில் ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் 103 ஆட்டங்களில் வென்றது. மூன்று மடங்கு செலவிட்ட யாங்கீஸும் அதே 103தான். எனவே அறிவுள்ள நிர்வாகம் பணத்தை வெல்லும் என்பது இவர்கள் முடிவு.

வாதத்தின் குறை

கோப்பைகளை எண்ணுவது சரியான அளவுகோல் அன்று. வழக்கமான பருவத்தில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. இறுதித் தொடரோ அதிகம் போனால் 7 ஆட்டங்கள். 2025இல் 7ஆவது ஆட்டம் 11 இன்னிங்ஸ் வரை நீண்டு, ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்தது. இவ்வளவு குறுகிய தொடரில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு அதிகம். ஆகவே, ஓர் அணி எத்தனை முறை அந்த வாசலுக்கு வருகிறது என்பதைத்தான் எண்ண வேண்டும்.

டாட்ஜர்ஸ் 2013 முதல் 2025 வரை ஓர் ஆண்டும் தவறாமல் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. யாங்கீஸ், வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த பருவத்தைக் கடைசியாகக் கண்டது 1992இல். அதற்கடுத்த 1993 முதல் 2012 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 20 பருவங்கள் தொடர்ந்து தோல்வி மிகுதியுடனே முடித்தது.

ஓக்லாந்து கதையையும் முழுதாகப் படிக்க வேண்டும். அதன் சிறந்த மட்டையாளர் ஜேசன் ஜியாம்பியை 2002 பருவத்துக்கு முன்பே யாங்கீஸ் 12 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. பிறகு மிகேல் தெஹாதா வெளியேறினார். டிம் ஹட்சன், மார்க் மல்டர் ஆகிய பந்தெறிவாளர்கள் வேறு அணிகளுக்கு மாற்றப்பட்டனர். சிக்கனமான அணி திறமையை உருவாக்கலாம். நெடுநாள் வைத்துக்கொள்வது கடினம்.

மெட்ஸின் தோல்வியும் இதையே காட்டுகிறது. ஆண்டுக்கு 4.33 கோடி டாலர் சம்பளம் பெற்ற மூத்த பந்தெறிவாளர்கள் இருவரை அது 2023 பருவத்தின் நடுவிலேயே வேறு அணிகளுக்கு அனுப்பியது. அவர்கள் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தானே ஏற்று, ஈடாக இளம் வீரர்களைப் பெற்றது. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் தரவும் அதனால் முடிந்தது. சிறிய அணி இப்படி ஒரு தவறு செய்தால் பல ஆண்டுகள் எழுந்திருக்க முடியாது.

சிறிய அணிகளின் பொறுப்பு

பழி முழுவதையும் பணக்கார அணிகள்மேல் போடுவதும் நியாயமாகாது. பொது நிதியிலிருந்து பணம் பெறும் அணிகள் அதை ஆட்டக்காரர்களுக்குச் செலவிடுகின்றனவா? மயாமி, ஓக்லாந்து, பிட்ஸ்பர்க், டாம்பா பே அணிகள் அப்பணத்தை முறையாகப் பயன்படுத்தவில்லை என்று 2018இல் ஆட்டக்காரர் சங்கமே முறையீடு செய்தது. உச்சவரம்பு இல்லாததைப் போலவே, குறைந்தது இவ்வளவு செலவிட வேண்டும் என்ற கீழ்வரம்பும் இங்கு இல்லை. தோற்றாலும் உரிமையாளருக்கு நட்டமில்லை. நட்டமெல்லாம் சீட்டு வாங்கி மைதானத்துக்கு வரும் ரசிகருக்குத்தான்.

என்ன செய்யலாம்?

உச்சவரம்பு மட்டும் வந்தால், மிச்சமாகும் பணம் ஆட்டக்காரரிடமிருந்து உரிமையாளரின் பைக்குப் போகும். 1994இல் உரிமையாளர்கள் அதைக் கோரியபோது ஆட்டக்காரர்கள் ஆகஸ்ட் 12 முதல் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு உலகத் தொடரே நடக்கவில்லை. கீழ்வரம்பும் உள்ளூர்த் தொலைக்காட்சி வருமானத்தில் கூடுதல் பகிர்வும் சேர்ந்து வந்தால்தான் உச்சவரம்பு நியாயமாகும்.

அப்படிச் செய்தால் எல்லா அணிகளும் மாறி மாறி வெல்லும் என்பதில்லை. உச்சவரம்பு உள்ள அமெரிக்கக் கால்பந்திலும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 2001 முதல் 2018 வரையிலான பருவங்களில் 6 முறை வென்றது. ஆனால் அவ்வெற்றியைப் பயிற்சியும் நிர்வாகமும் தந்தன என்று மற்ற அணிகள் ஏற்க முடிகிறது.

பேஸ்பாலின் இப்போதைய தொழில் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைதான். புதிய ஒப்பந்தம் பேசுவோர் டாட்ஜர்ஸை எப்படித் தடுப்பது என்பதோடு நின்றுவிடக் கூடாது. 1979க்குப் பின் உலகத் தொடரையே எட்டாத பிட்ஸ்பர்க் போன்ற அணிகள், ஒரு தவறுக்குப் பின்னும் எழுந்து நிற்க என்ன வழி என்றும் பேச வேண்டும்.