நகைப்பும் தீர்க்கதரிசனமும்

அங்கதம் அன்பிற்கு முரணானது எனக் கருதுவோர் நம் சபைகளில் பலர். ஆயினும் கர்மேல் பர்வதத்தில் எலியா, பாகாலின் தீர்க்கதரிசிகளைப் பரியாசம்பண்ணினான் (1 இராஜா. 18:27). அம்மரபை நினைவூட்டுவது, 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ என்னும் நையாண்டிக் காணொளிப் பாடல்.

1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டது வெப்பமானித் தொழிற்சாலை. அதன் பாதரசக் கண்ணாடிக் கழிவு 2001இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கில் வெளிப்பட, இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஆலையை மூடியது. நோயுற்ற தொழிலாளரின் போராட்டமோ ஓயவில்லை.

நிக்கி மினாஜின் நடனப் பாடலொன்றின் மெட்டைக் கடன்கொண்டு, விளம்பரக் கவர்ச்சியையே கண்டனக் கருவியாக்கியது இப்படைப்பின் வெற்றி. ஆங்கிலத்தில் அமைந்தமையால், மலைவாழ் தொழிலாளர் அதன் பேசுபொருளாயினரேயன்றிக் கேட்போராகவில்லை. இது அதன் குறை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் நிறுவனம் உடன்பாடு கண்டது. அது பாடலின் பலன் மட்டுமன்று. நெடுங்காலப் போராட்டத்தின் கனி. பாடல் அதற்குச் செவிசாய்ப்போரைத் திரட்டிற்று.

1845 முதல் மிஷனெரிமார் இளைப்பாறிய மலை இது. இளைப்பாறச் செல்லும் திருச்சபை, அங்கு உழைத்து நலிந்தோரின் குரலைக் கேட்டதா? எலியா பரியாசத்தோடு நின்றுவிடவில்லை. தகர்ந்த பலிபீடத்தைச் செப்பனிட்டான். நஞ்சேறிய மண்ணையும் நலிந்த உடல்களையும் சீர்ப்படுத்த முன்வராத நகைப்பு, வெறும் கேளிக்கையே.