சமாதானம் வந்தபின் பிள்ளை யாருக்கு?

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பிப்ரவரியில் வெளிவந்தது. இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே மாதத்திலேயே. அகதியாக வந்து, இராமேசுவரத்தில் ஈன்ற மகவை விட்டுவிட்டுக் கணவனைத் தேடித் திரும்பியவள் ஷியாமா. பின்னர் அவள் போராளியாகிறாள். அம்மகவாகிய அமுதாவைத் திருச்செல்வனும் இந்திராவும் வளர்க்கின்றனர். ஒன்பதாம் வயதில் உண்மையறிந்த சிறுமி, ஈன்றவளைத் தேடிச் சென்று காண்கிறாள். ஷியாமாவோ, சமாதானம் பிறக்கும் ஒரு நாளைச் சுட்டிவிட்டுப் பிரிகிறாள். அமுதா இந்திராவை முத்தமிடப் படம் முடிகிறது.

இம்முடிவு நெஞ்சை உருக்குகிறது. எனினும் நம்மை எளிதில் விடுவித்தும் விடுகிறது. சாலொமோனின் தீர்ப்பில் (1 இராஜாக்கள் 3) பிள்ளையை விட்டுக்கொடுக்க முன்வந்தவளே பிள்ளையைப் பெற்றாள். இங்கோ விட்டுக்கொடுத்தவள் வெறுங்கையோடு காட்டுக்குத் திரும்புகிறாள். நாம் அதனைத் தியாகம் என்று போற்றி எழுந்துவிடுகிறோம். வளர்த்தவளிடமே பிள்ளை தங்குவது நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் போர் ஓய்ந்தபின் ஷியாமா வாசலில் வந்து நின்றால் என்செய்வது? அவ்வினாவைப் படம் எழுப்பவில்லை.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆயிரக்கணக்கான முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களிலிருந்து பின்னர் வெளிவந்தனர்; அவர்களுள் தாய்மாரும் தந்தையரும் உண்டு. இவ்வினா நமக்கும் அயலானதன்று. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையும் அத்தீவில் போரிட்டது. போர் எதுவாயினும், அதிலிருந்து திரும்புவோருள் சிலர் உறக்கமின்மையையும் கடுஞ்சினத்தையும் உடன் கொணர்கின்றனர். அத்தகைய ஒருவர் மணவாழ்வு முறிந்து, தம் மகனைக் கேட்டுப் பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் நிற்பாராயின், திருநெல்வேலி டவுணில் ஊழியம் செய்யும் ஆயர் அவரிடம் என்ன கூறுவார்?

1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் பிள்ளையின் நலனையே அளவுகோலாக்குகிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையல்லர் என்று 1973இல், ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. பிள்ளை ஒருவரிடம் தங்கினும், மற்றவர் அதனைக் கண்டுவர நீதிமன்றம் வழிவகுக்கலாம். ஆதலின் போரின் காயம் பிள்ளையின் பாதுகாப்பை முன்னிட்டு ஆராயப்படவேண்டியதே. அதுவே தந்தைமையை அழிக்கும் தீர்ப்பாகிவிடலாகாது.

'விட்டுக்கொடும்' என்று உபதேசிப்பது எளிது. மருத்துவ உதவிக்கு அவரை அழைத்துச் செல்வதும், தாயின் அச்சத்தைச் செவிமடுப்பதும், தந்தையும் மகனும் பிறர் முன்னிலையில் அச்சமின்றிச் சந்திக்க ஆலய வளாகத்தில் ஓர் அறையைத் திறந்துவைப்பதும் அரிய பணி. படம் முடித்துக்கொண்ட இடத்திலே திருச்சபையின் ஊழியம் தொடங்குகிறது.